16 வயதில் உலக இறுதிப் போட்டி: லூக் லிட்லரின் தொடக்க ஆண்டுகளை எண்களோடு படிப்பது எப்படி

லூக் லிட்லர் 2007 ஜனவரி 21 அன்று இங்கிலாந்தின் ரன்கார்னில் பிறந்தவர், வாரிங்டனில் வளர்ந்தவர். டார்ட்ஸ் என்பது சிறு அம்புகளைப் போர்டில் எறியும் ஆட்டம். அதன் தொழில்முறை அமைப்பான பிடிசி நடத்தும் உலக டார்ட்ஸ் சாம்பியன்ஷிப்பில் 2023 டிசம்பரில் முதல்முறை ஆட வந்தபோது உலகத் தரவரிசையில் அவருடைய இடம் 164. சுமார் இரண்டு வாரத்தில் இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டார். வயது 16. அந்தச் செய்தியைப் படித்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது "எங்கிருந்து வந்தான் இந்தப் பையன்?" என்றுதான். சிறுவர் டார்ட்ஸைத் தொடர்ந்து பார்த்து வந்தவர்கள் அப்படிக் கேட்கவில்லை. அவர் எப்படிப்பட்ட எண்களை அடிப்பவர் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். அந்த எண்கள் நீளமான ஆட்டத்திலும் பெரிய மேடையிலும் தாங்குமா என்பதுதான் தெரியாமல் இருந்தது.

இந்த வித்தியாசம் புரிய வேண்டுமானால் டார்ட்ஸின் கணக்கு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். போர்டிலிருந்தே தொடங்கலாம்.

போர்டும் தூரமும்

போட்டிகளில் பயன்படும் போர்டு சைசல் நாரை இறுக்கி அழுத்திச் செய்தது. அதன் நடுப்புள்ளியான புல், தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஆட்டக்காரர் நிற்கும் கோட்டுக்கு ஓக்கி என்று பெயர். அது போர்டின் முகப்பிலிருந்து 2.37 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வீட்டில் போர்டு மாட்டுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்: சுவரிலிருந்து அளந்துவிடுவார்கள். போர்டின் தடிமன் அளவுக்குக் கோடு முன்னால் வந்துவிடும். அப்படியே பழகியவருக்குச் சரியான தூரத்தில் டார்ட் எல்லாம் கீழே இறங்கும். புல்லின் மையத்திலிருந்து ஓக்கி வரை சாய்வாக நூல் பிடித்துப் பாருங்கள். 2.93 மீட்டர் வந்தால் இரண்டு அளவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன என்று கொள்ளலாம்.

போர்டில் 20 பிரிவுகள். ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு மெல்லிய வளையம் உண்டு, அது ட்ரெபிள்: எண்ணுக்கு மூன்று மடங்கு. வெளி விளிம்பில் இன்னொரு வளையம், அது டபுள்: இரண்டு மடங்கு. இரண்டு வளையத்துக்கும் அகலம் வெறும் 8 மி.மீ. ட்ரெபிள் 20 என்று சொல்லும் இடம் ஏறத்தாழ 8 மி.மீ. உயரமும் 32 மி.மீ. நீளமும் கொண்ட வளைந்த பட்டை. 2.37 மீட்டர் தொலைவில் 8 மி.மீ. என்பது ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான கோணம். கையை விட்டு டார்ட் கிளம்பும் கோணம் அந்த அளவு பிசகினாலே பட்டை தவறிவிடும்.

எண்களை வரிசையாக அடுக்காததற்கும் காரணம் இருக்கிறது. 20க்கு ஒரு பக்கம் 1, மறு பக்கம் 5. உயர்ந்த எண்ணைக் குறிவைத்துத் தவறினால் தண்டனை உடனே கிடைக்கும். 20, 5, 1 என்று மூன்றும் சிதறினால் 26. புதிதாக ஆடுகிறவர்களின் கணக்குப் புத்தகத்தில் இந்த 26 திரும்பத் திரும்ப வரும். உங்கள் டார்ட்டுகள் கையகல இடத்தில் சிதறுகின்றன என்றால் 20ஐ விட்டுவிட்டு இடது கீழ்ப்பக்கம், 19, 7, 16 இருக்கும் பகுதியைக் குறிவைப்பது லாபம். தவறினாலும் எண்கள் அவ்வளவு மோசமாக விழாது.

501: இறங்கு கணக்கு

தொழில்முறை ஆட்டத்தில் இருவரும் 501இல் தொடங்கி, எறிந்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வருவார்கள். ஒரு முறைக்கு மூன்று டார்ட். சரியாகப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். கடைசி டார்ட் டபுளிலோ புல்லின் உள்வட்டத்திலோ விழ வேண்டும். கேரமில் ரெட் போட்டவுடன் ஃபாலோ போட்டாக வேண்டும் என்பதுபோல, இங்கே எவ்வளவு புள்ளி குவித்தாலும் டபுள் அடிக்காதவரை லெக் உங்களுடையதல்ல. கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனாலோ, 1 என்று நின்றாலோ, டபுள் இல்லாமல் பூஜ்யம் வந்தாலோ அந்த முறை செல்லாது. முறை தொடங்கியபோது இருந்த எண்ணுக்கே திரும்ப வேண்டும்.

இப்படி ஒருமுறை 501ஐ முடிப்பது ஒரு லெக். உலக சாம்பியன்ஷிப்பில் மூன்று லெக் முதலில் எடுப்பவருக்கு ஒரு செட். லெக்குகளை மாறிமாறித் தொடங்குவார்கள். தொடங்குபவருக்கு இயல்பாகவே சாதகம் அதிகம்: அவர் 15 டார்ட்டில் முடித்தால் எதிராளிக்குக் கிடைத்திருப்பது 12 டார்ட்தான். எதிராளி தொடங்கிய லெக்கைப் பறிப்பதற்கு பிரேக் என்று பெயர். செட்டின் போக்கை மாற்றுவது பெரும்பாலும் இந்த பிரேக்தான்.

ஆவரேஜ் என்ற ஒற்றை எண்

ஒருவர் ஒரு முறைக்கு, அதாவது மூன்று டார்ட்டுக்கு, சராசரியாக எத்தனை புள்ளி எடுக்கிறார் என்பதே ஆவரேஜ். எடுத்த மொத்தப் புள்ளியை எறிந்த டார்ட்டுகளால் வகுத்து மூன்றால் பெருக்க வேண்டும். 21 டார்ட்டில் ஒரு லெக்கை முடித்தால் 71.6. 18 டார்ட் என்றால் 83.5. 15 டார்ட் என்றால் 100.2. ஒன்பதே டார்ட்டில் முடிப்பது சாத்தியமான உச்சம்: 180, 180, பிறகு 141. அதன் ஆவரேஜ் 167. கடைசி 141க்கு ட்ரெபிள் 20, ட்ரெபிள் 19, டபுள் 12 என்பது வழக்கமான பாதை.

பொழுதுபோக்காக ஆடுகிறவர் 40 முதல் 50 எடுத்தால் நன்றாகவே ஆடுகிறார். தொழில்முறைச் சுற்றில் 90க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் தோல்வி. 100ஐத் தாண்டினால் உலகத் தரம். லிட்லர் தன் முதல் உலக சாம்பியன்ஷிப் ஆட்டத்தில், நெதர்லாந்தின் கிறிஸ்டியன் கிஸ்ட்டுக்கு எதிராக, எடுத்தது 106.12. அந்தப் போட்டியில் முதல்முறை ஆட வரும் எவரும் அதுவரை அவ்வளவு எடுத்ததில்லை. 106.12 என்றால் ஒரு லெக்குக்குச் சுமார் 14 டார்ட். மூன்று செட்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் வென்றார்.

ஆனால் ஆவரேஜை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. ஓர் உதாரணம். ஒருவர் 140, 140, 100, 81 எடுக்கிறார். 12 டார்ட்டில் 461 போய் மீதி 40. அடுத்த டார்ட்டிலேயே டபுள் 20 விழுந்தால் 13 டார்ட், ஆவரேஜ் 115.6. அதே ஆள் அந்த டபுளை ஆறு டார்ட் வெளியே விட்டு ஏழாவதில் அடித்தால் 19 டார்ட், ஆவரேஜ் 79.1. புள்ளி குவித்த திறமை இரண்டிலும் ஒன்றுதான். மறுபக்கம், எதிராளி வேகமாக முடித்துவிடுவதால் டபுளுக்கே வராமல் தோற்பவரின் ஆவரேஜ் பார்க்க அழகாக இருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கூடவே இன்னும் இரண்டு எண்களைக் கேட்பார்கள்: ஒவ்வொரு லெக்கிலும் முதல் ஒன்பது டார்ட்டின் ஆவரேஜ், பிறகு டபுள் சதவீதம். முதலாவது குவிக்கும் திறனை மட்டும் காட்டும். இரண்டாவது, டபுளுக்கு எறிந்த டார்ட்டுகளில் எத்தனை விழுந்தன என்பது. தொழில்முறையில் 40 சதவீதம் வந்தால் நல்ல நாள்.

எங்கே எறிவது என்ற முடிவு

லிட்லரின் திறமை என்றால் ட்ரெபிள் 20 மழைதான் எல்லோர் நினைவுக்கும் வரும். அது உண்மைதான். என்றாலும் அவரைத் தனியாக நிறுத்துவது அடுத்த டார்ட்டை எங்கே எறிவது என்ற முடிவும் அந்த முடிவை எடுக்கும் வேகமும்தான் என்று சொல்ல வேண்டும். அவருடைய ஆட்டத்தில் முதலில் கவனிக்க வேண்டியதும் இதுதான்.

முதல் டார்ட் ட்ரெபிள் 20க்குக் குறுக்காகப் படுத்துவிட்டால் 8 மி.மீ. பட்டையில் அடுத்த டார்ட்டுக்கு இடமே தெரியாது. பிடிவாதமாக அங்கேயே எறிந்தால் உலோகத்தில் பட்டுத் தெறிக்கும், அல்லது 1, 5 என்று விலகும். அப்போது கீழே ட்ரெபிள் 19க்கோ வலது பக்கம் ட்ரெபிள் 18க்கோ மாற வேண்டும். இதை எல்லாத் தொழில்முறை ஆட்டக்காரர்களும் செய்வார்கள். மாறும்போது பலருக்குத் தாளம் தடைபடும். கை ஒருகணம் நிற்கும், பார்வை போய்த் திரும்பும். லிட்லரிடம் அந்தத் தடங்கல் மிகக் குறைவு. 20க்கு எறிந்த அதே ஓட்டத்தில் 18க்கும் எறிவார்.

இன்னொன்று முடிக்க முடியாத எண்கள். ஒரே முறையில் முடிக்கக்கூடிய மிகப் பெரிய எண் 170: ட்ரெபிள் 20, ட்ரெபிள் 20, 50 புள்ளி தரும் புல்லின் உள்வட்டம். ஆனால் 169, 168, 166, 165, 163, 162, 159 ஆகிய ஏழையும் மூன்று டார்ட்டில் முடிக்கவே முடியாது. 189 மீதியிருக்க, கையில் ஒரே ஒரு டார்ட் என்று வைத்துக்கொள்வோம். பழக்க தோஷத்தில் 20க்கு எறிந்து ஒற்றை 20 விழுந்தால் மீதி 169. அடுத்த முறை முடிக்க வழியில்லை. 19க்கு எறிந்தால், ஒற்றை விழுந்தாலும் மீதி 170, ட்ரெபிள் விழுந்தால் 132, இரண்டுமே முடிக்கக்கூடியவை. இந்தக் கணக்கை யோசித்துச் செய்ய நேரம் கிடையாது. சிறு வயதிலேயே ஆயிரக்கணக்கான லெக் ஆடியவருக்கு அது எண்ணாகத் தெரியாமல் இடமாகத் தெரியும்.

டபுள் தேர்விலும் ஒரு சுவையான விஷயம். பாடமாகச் சொல்லிக்கொடுப்பது டபுள் 16ஐ. 32 மீதியில் தவறி ஒற்றை 16 விழுந்தால் டபுள் 8, அதிலும் ஒற்றை விழுந்தால் டபுள் 4, பிறகு டபுள் 2, டபுள் 1 என்று கடைசி வரை இரண்டாக உடைந்துகொண்டே போகும். டபுள் 10 அப்படியல்ல: ஒற்றை 10 விழுந்தால் டபுள் 5, அதில் ஒற்றை விழுந்தால் மீதி 5, ஓர் ஒற்றைப்படை எண்ணை அடித்துத்தான் மறுபடி டபுளுக்கு வர முடியும். ஆனாலும் லிட்லர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் டபுள்களில் 10 முக்கியமானது. பாடத்துக்கு எதிரான தேர்வுதான். வலது விளிம்பில் இருக்கும் அந்த இடம் அவர் கைக்கு வசமாக இருக்கிறது. முதல் டார்ட்டிலேயே விழும் டபுளுக்கு மாற்று வழி தேவைப்படுவதில்லை. புதியவர்கள் இதைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டபுள் சதவீதம் 10ஐக்கூடத் தொடாத நிலையில் டபுள் 16தான் காப்பாற்றும்.

ஏணியின் படிகள்

ஒன்றரை வயதில் காந்த டார்ட்டுகளை எறிய ஆரம்பித்தவர் லிட்லர். தவழ்ந்து முடித்த வயதில் அவர் எறியும் வீடியோ பின்னாளில் உலகமெங்கும் ஓடியது. அதைவிட முக்கியமானது செயின்ட் ஹெலன்ஸில் இருக்கும் டார்ட்ஸ் அகாடமி. பிரிட்டனில் ஜேடிசி என்ற ஜூனியர் டார்ட்ஸ் கார்ப்பரேஷனின் கீழ் இப்படிப் பல அகாடமிகள் இயங்குகின்றன. பெரியவர்களின் மதுக்கூடத்து மூலையில் போர்டு காலியாகும்வரை காத்திருந்த காலம் போய், சிறுவர்களுக்கென்று பயிற்சி, தர நிலைகள், தொடர் போட்டிகள் என்று ஓர் அமைப்பு வந்தது. வாரம் தவறாமல் தனக்குச் சமமானவர்களோடு ஆடும் வாய்ப்பு அதிலிருந்துதான் கிடைத்தது. லிட்லரின் தலைமுறையை முந்தைய தலைமுறைகளிடமிருந்து பிரிப்பது இதுதான். ஜேடிசி உலகப் பட்டத்தை அவர் இருமுறை வென்றார். 2022இல், 15 வயதில், பெரியவர்களுக்கான ஐரிஷ் ஓப்பனையும் வென்றார். அது உலக டார்ட்ஸ் கூட்டமைப்பின் போட்டி.

அப்படியானால் அதுவரை ஏன் பெயர் வெளியே வரவில்லை? வயது வரம்பு. பணமும் தொலைக்காட்சியும் இருப்பது பிடிசி நடத்தும் தொழில்முறைச் சுற்றில். அதன் இளையோர் சுற்றான டெவலப்மென்ட் டூரில் ஆட 16 நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பு 24. லிட்லருக்கு 16 நிறைந்தது 2023 ஜனவரியில். ஆக, அவர் "திடீரென்று" தோன்றிய ஆண்டு, அவருக்குக் கதவு திறந்த முதல் ஆண்டு. அந்த ஆண்டே நவம்பர் இறுதியில், மைன்ஹெட்டில், பிடிசி உலக இளையோர் இறுதிப் போட்டியில் கியான் வான் வேனை 6–4 என்று வென்றார். ஒரு மாதத்துக்குள் உலக சாம்பியன்ஷிப் மேடை.

நீளமான ஆட்டம் ஏன் கடினம்

இளையோர் இறுதிப் போட்டி ஆறு லெக் முதலில் எடுப்பவருக்கு. அதிகபட்சம் 11 லெக். உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி ஏழு செட் முதலில் எடுப்பவருக்கு. 13 செட்டும் முழுதாகப் போனால் 60 லெக்கைத் தாண்டும்.

ஒரு லெக்கை வெல்லும் வாய்ப்பு ஒருவருக்கு 55 சதவீதம், எதிராளிக்கு 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் தொடங்குகிறார் என்பதைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், 11 லெக் ஆட்டத்தில் அவர் வெல்ல வாய்ப்பு சுமார் 63 சதவீதம். 13 செட் ஆட்டத்தில் அது சுமார் 75 சதவீதமாக உயர்ந்துவிடும். ஆட்டம் நீள நீள அதிர்ஷ்டத்தின் பங்கு தேய்கிறது. இளையோர் ஆட்டத்தில் ஒரு நல்ல அரைமணி நேரம் போதும். உலக சாம்பியன்ஷிப்பில் அது போதாது. உண்மையிலேயே மேலான ஆட்டக்காரராக இருந்தால்தான் சுற்றுச் சுற்றாக ஏற முடியும்.

லிட்லர் ஏறிய விதத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். கிஸ்ட்டுக்குப் பின் ஆண்ட்ரூ கில்டிங் 3–1. மாட் கேம்ப்பெல் 4–1. ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற ரேமண்ட் வான் பார்னவெல்ட் 4–1. காலிறுதியில் பிரெண்டன் டோலன் 5–1. அரையிறுதியில் 2018 உலக சாம்பியன் ராப் கிராஸ் 6–2. அதில் மறுபடி 106க்கு மேல் ஆவரேஜ். எந்த ஆட்டமும் கடைசி செட்டுவரை போகவில்லை. ஆட்டத்தின் நீளம் கூடிக்கொண்டே போனது, ஆனால் இடைவெளி குறையவில்லை. அதிர்ஷ்டம் என்ற பேச்சுக்கு அரையிறுதியோடு இடமில்லாமல் போனது.

2024 ஜனவரி 3 அன்று நடந்த இறுதிப் போட்டியில் எதிரே லூக் ஹம்ப்ரீஸ். லிட்லர் 4–2 என்று முன்னிலை. அடுத்த செட்டையும் எடுத்து 5–2 ஆக்க டபுள் 2க்கு ஒரு டார்ட் கிடைத்தது. விழவில்லை. ஹம்ப்ரீஸ் அந்த செட்டை எடுத்தார். தொடர்ந்து வந்தவற்றையும் எடுத்து 7–4 என்று வென்றார். தோல்விக்கு அந்த ஒரு டார்ட்டைக் காரணமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஏழாவது செட்டுக்குப் பிறகு ஹம்ப்ரீஸ் ஆடிய தரத்தைப் பார்த்தால் அது நியாயமாகப் படவில்லை. இருவரும் 100க்கு மேல் ஆவரேஜ் எடுத்த ஆட்டம் அது. ஒருவர் கடைசி ஐந்து செட்டில் இன்னும் நன்றாக ஆடினார், அவ்வளவுதான்.

பணமே தரவரிசை

டார்ட்ஸ் தரவரிசையில் புள்ளிகள் கிடையாது. கடந்த இரண்டு ஆண்டுகளில் தரவரிசைப் போட்டிகளில் சம்பாதித்த பரிசுப் பணத்தின் மொத்தம்தான் தரவரிசை. இரண்டாம் இடத்துக்கு அப்போது 2,00,000 பவுண்டு. அந்த ஒரே தொகை லிட்லரை 164இலிருந்து 31க்குத் தூக்கியது.

தரவரிசையில் சேரும் பணம், சேராத பணம் என்ற பிரிவு பலரைக் குழப்பும். 2024இல் லிட்லர் வென்றவற்றில் மிகவும் பேசப்பட்டது பிரீமியர் லீக். எட்டு பேர், வாரம் ஒரு நகரம், 16 இரவுகள், பிறகு நால்வர் ஆடும் இறுதி இரவு. மே 23 அன்று லண்டன் ஓ2 அரங்கில் ஹம்ப்ரீஸை 11–7 என்று வென்றார். அந்த ஆட்டத்திலேயே ஒன்பது டார்ட் லெக்கும் அடித்தார். பரிசு 2,75,000 பவுண்டு. ஆனால் அழைப்பின் பேரில் ஆடும் போட்டி என்பதால் தரவரிசைக்கு அதில் ஒரு பவுண்டுகூடச் சேராது. ஜனவரியில் பஹ்ரைனில் வென்ற பட்டமும் அப்படித்தான். அங்கும் ஓர் ஒன்பது டார்ட் லெக் உண்டு.

தரவரிசையில் ஏற உதவியவை கவனம் குறைவாகப் பெற்ற போட்டிகள். பிப்ரவரியில் விகானில் நடந்த பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் அவற்றில் ஒன்று. மேடை, பார்வையாளர் கூட்டம் எதுவும் இல்லாமல், ஒரு பெரிய கூடத்தில் வரிசையாகப் போர்டுகள் வைத்து, டூர் கார்டு வைத்திருக்கும் 128 பேரும் ஒரே நாளில் ஆடி முடிக்கும் போட்டி. டூர் கார்டு என்பது இரண்டு ஆண்டுக்கான தொழில்முறை உரிமம். லிட்லர் அதை டெவலப்மென்ட் டூர் வழியாகப் பெற்றிருந்தார். அந்த உரிமத்தோடு ஆடிய முதல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பையே, ரயன் சர்லை 8–7 என்று வீழ்த்தி வென்றார். ஒரே நாளில் ஏழு ஆட்டம், கைதட்ட ஆளில்லாத கூடம். கூட்டத்தின் உற்சாகத்தில் ஆடும் பையன் என்று நினைத்தவர்களுக்கு இந்த வெற்றி, உலக இறுதிப் போட்டியைவிடத் தெளிவான பதில். பிறகு பெல்ஜியம், ஆஸ்திரியா ஓப்பன் பட்டங்கள். நவம்பரில் வோல்வர்ஹாம்ப்டனில் கிராண்ட் ஸ்லாம்: அரையிறுதியில் கேரி ஆண்டர்சனோடு 16–15 என்று நூலிழையில் தப்பி, இறுதியில் மார்ட்டின் லூக்மனை 16–3 என்று வென்றார். தரவரிசையில் சேரும் முதல் பெரிய பட்டம் அதுதான்.

தோற்ற இடங்கள்

வெற்றிப் பட்டியலைவிட அந்த ஆண்டின் இரண்டு தோல்விகளில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது. ஜூலையில் பிளாக்பூலில் நடந்த வேர்ல்ட் மேட்ச்பிளேயில் முதல் சுற்றிலேயே மைக்கேல் வான் கெர்வனிடம் 10–6. தரவரிசை இன்னும் முழுதாக ஏறாதவருக்கு முதல் சுற்றிலேயே வலுவான எதிராளி வந்து அமைவது இயல்பு. பணத்தால் கணக்கிடும் முறையின் விளைவு அது.

அக்டோபரில் வேர்ல்ட் கிராண்ட் பிரியில் மறுபடி முதல் சுற்று, ராப் கிராஸிடம் 0–2. அந்தப் போட்டியில் ஒரு தனி விதி: முடிக்க மட்டுமல்ல, தொடங்கவும் டபுள் அடிக்க வேண்டும். அதுவரை எறிவதெல்லாம் பூஜ்யம். எதிராளி முதல் டார்ட்டில் டபுள் அடித்து உள்ளே போக, நீங்கள் ஆறு டார்ட் வெளியே எறிந்தால் எவ்வளவு நன்றாகப் புள்ளி குவித்தாலும் எட்டிப்பிடிக்க முடியாது. போதாததற்கு முதல் சுற்று வெறும் இரண்டு செட் முதலில் எடுப்பவருக்கு. லிட்லரின் பெரும்பலமான குவிக்கும் வேகம் செல்லாக்காசாகும் ஆட்டமுறை இது. அடுத்த ஆண்டே, 2025இல், இறுதியில் ஹம்ப்ரீஸை 6–1 என்று வீழ்த்தி அதே பட்டத்தை வென்றார் என்பதிலிருந்து அவர் எதில் உழைத்தார் என்று தெரிகிறது.

இரண்டாம் முறை

2025 உலக சாம்பியன்ஷிப்பில் ரயன் மெய்க்கிளுடன் ஆடிய முதல் ஆட்டம் தடுமாற்றமாகவே போனது. நான்காவது செட்டில் மூன்று லெக்கையும் சேர்த்து 32 டார்ட்டில் முடித்தார். 1,503 புள்ளியை 32ஆல் வகுத்து மூன்றால் பெருக்கிப் பாருங்கள்: 140.91. உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு செட்டுக்கு அதுவே மிக உயர்ந்த ஆவரேஜ். ஆட்டம் முடிந்து பேட்டி எடுக்கும்போது மேடையிலேயே அழுதுவிட்டார். முந்தைய ஆண்டு அவரிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. இந்த ஆண்டு எல்லோரும் எல்லாவற்றையும் எதிர்பார்த்தார்கள். அந்தச் சுமையின் எடை அந்தக் கண்ணீரில் தெரிந்தது. ரயன் ஜாய்ஸிடம் 4–3 என்று தப்பிய பிறகு ஆட்டம் விரிந்தது. ஜனவரி 3 அன்று இறுதிப் போட்டியில் வான் கெர்வனுக்கு எதிராக முதல் நான்கு செட்டையும் எடுத்து 7–3 என்று வென்றார். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு 18 நாள் இருந்தது. அதுவரை பிடிசி உலகப் பட்டத்தை மிக இளம் வயதில் வென்றவர் அதே வான் கெர்வன்தான்: 2014இல், 24 வயதில்.

வான் கெர்வனின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2006இல் வேர்ல்ட் மாஸ்டர்ஸை வென்றபோது அவருக்கு வயது 17. அடுத்த சில ஆண்டுகள் தடுமாற்றம். பிடிசியில் முதல் பெரிய பட்டம் வர 2012 ஆனது. ஜெர்மனியின் மேக்ஸ் ஹோப் 16 வயதில், 2013 உலக சாம்பியன்ஷிப்பில் ஆடியவர், 2015இல் உலக இளையோர் பட்டம் வென்றவர். ஆனால் பெரிய பட்டங்கள் வரவில்லை. சிறுவயதுத் திறமை அரிதானதல்ல. அதைப் பெரியவர்களின் சுற்றில் உடனே பணமாகவும் பட்டமாகவும் மாற்றுவதுதான் அரிது.

இன்னோர் இளைஞரின் பெயர் காதில் விழுந்தால்

லிட்லருக்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு "அடுத்த லிட்லர்" அறிவிக்கப்படுகிறார். அத்தகைய செய்தியைப் படிக்கும்போது முதலில் ஆவரேஜ் எத்தனை லெக்குக்கு என்று பாருங்கள். நான்கு லெக் ஆட்டத்தில் 105 என்பது ஒரு நல்ல இருபது நிமிடம். ஒரு சுற்றுப் போட்டி முழுவதும் 92 என்பது அதைவிடக் கனமான செய்தி. டபுள் சதவீதம் கொடுத்திருக்கிறதா என்று தேடுங்கள். ஆவரேஜ் உயரமாகவும் அது 25ஐ ஒட்டியும் இருந்தால் பெரியவர்களிடம் லெக்குகள் கை நழுவும். 14, 15 வயது என்றால் பெரியவர்களின் திறந்த போட்டிகளில் எவ்வளவு தூரம் போகிறார் என்பதே நல்ல அளவுகோல், ஏனென்றால் பிடிசி கதவு இன்னும் திறக்கவில்லை. 16 தாண்டியவர் என்றால் டெவலப்மென்ட் டூர் முடிவுகளையும், டூர் கார்டு கையில் இருக்கிறதா, இரண்டு ஆண்டில் எத்தனை மாதம் மீதி என்பதையும் பாருங்கள். கார்டின் காலம் முடியும்போது முதல் 64க்குள் பணம் சேராவிட்டால், புதியவர்களோடு சேர்ந்து தகுதிப் போட்டியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.